வாலறுந்த எலிகளும் எங்கள் கூட்டமும்

நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். ஆராய்ச்சியும் செய்கிறேன் என்றால் இன்னும் கொஞ்சம் மரியாதை. எதில் என்று அடுத்துக் கேட்பார்கள். வயலில் வளை தோண்டி வாழும் எலிகளில் எது தனி இனம், எதற்கு எது உறவு என்று மரபணுவை வைத்துப் பிரிப்பது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவ்வளவு மரியாதையும் இறங்கிவிடும். என்னைப் பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள், "ஏனுங்க, எலிக்கெல்லாமா உறவுமுறை பாப்பாங்க?" என்று கேட்டார். கேட்டது யார் தெரியுமா? வந்து உட்கார்ந்து தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், எங்கள் கூட்டம் எது, என் அம்மா பிறந்த கூட்டம் எது, அம்மாவின் அம்மா பிறந்த கூட்டம் எது என்று விசாரித்து முடித்தவர்.

எங்கள் பக்கம் பழக்கமில்லாதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். நாமக்கல், திருச்செங்கோடு, மேற்குச் சேலத்தில் எங்கள் ஆட்களில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தது. கூட்டம் அப்பா வழியில் வருவது. ஒரு கூட்டத்தார் அத்தனை பேரும் ஏதோ ஒரு காலத்தில் வாழ்ந்த ஒரே ஆணின் வாரிசுகள் என்பது நம்பிக்கை. அதனால் ஒரே கூட்டத்து ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை. ஒருவர் எடப்பாடியிலும் இன்னொருவர் கரூரிலும் பிறந்து, ஒருவரை ஒருவர் கனவில்கூடப் பார்த்திராவிட்டாலும் அண்ணன் தங்கைதான். கல்யாணப் பேச்சை எடுத்தாலே பாவம். ஆனால் சொந்த அத்தை மகனைக் கட்டலாம். தாய்மாமனையே கட்டலாம். அதற்குப் பெயர் முறை. ரத்தம் பக்கத்து அறையில் இருந்தால் பரவாயில்லை, பெயர் பத்து ஊர் தள்ளி இருந்தாலும் ஆகாது. மரபணுப் பாடம் நடத்துகிறவளுக்கு இதைக் கேட்டால் பல் கூசாதா?

எங்கள் கூட்டத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக் காலையில் யாராவது போன் போட்டு, நாமெல்லாம் பங்காளிகளாக்கும் என்பார்கள். போதும், இருக்கிற பங்காளிகளே எனக்கு அதிகம்.

அந்தப் பங்காளிகளுக்கெல்லாம் தலைவர் என் பெரியப்பா. அப்பாவுக்கு மூத்தவர். எங்கள் குலதெய்வக் கோயிலுக்குத் தர்மகர்த்தா. திருவிழாவில் முதல் பரிவட்டம் அவர் தலையில்தான் கட்டுவார்கள். கூட்டத்தில் எந்தக் கல்யாணப் பேச்சு எழுந்தாலும் அவரிடம் வந்துவிடும். பெண் எந்த ஊர், அப்பன் யார், பாட்டன் எங்கிருந்து குடியேறினான் என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். திறக்கும்போது தீர்ப்பு வரும். என் அப்பா, அண்ணன் சொன்னால் வெயிலிலும் மழை என்று நம்பிக் குடை பிடிக்கிறவர். ஆகவே எங்கள் வீட்டிலும் பெரியப்பாவின் தீர்ப்புதான்.

ஆராய்ச்சிக்கு நிலம் தேவைப்பட்டபோது பெரியப்பாவிடம் போனேன். ராசிபுரம் பக்கம் ஏரியை ஒட்டி அவருக்கு நெல்வயல். மேட்டில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் நிலக்கடலையும். எலிகளுக்கு இதைவிடச் சொர்க்கம் எங்கே இருக்கிறது? எலி வகைகளைப் பற்றி அவருக்குத் தீர்மானமான கருத்துகள் இருந்தன. வயலில் இருப்பது கறுப்பு வரப்பெலி, கிழங்குக் காட்டில் இருப்பது செவப்பு வரப்பெலி, இரண்டும் வேறு வேறு சாதி, ஒன்றோடு ஒன்று சேரவே சேராது என்றார். சேராது என்பதை அவர் எப்போது போய்ப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. கடலைக் காட்டில் இருக்கும் வெள்ளெலி எலியே இல்லை என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஓர் அவசரம் இருந்தது.

அந்த அவசரத்துக்குக் காரணம் ஊருக்கே தெரியும். எங்கள் பக்கத்தில் வெள்ளெலிக் கறி என்றால் உயிரை விடுகிற கௌரவமான மனிதர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் யாரும் எலி தின்பதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எலி பிடிப்பவர்களிடம் போய், நாய்க்கு வேண்டும் என்பார்கள். மூட்டு வலிக்கு மருந்து, வைத்தியர் சொன்னார் என்பார்கள். பெரியப்பாவுக்கு மூட்டுவலி கடலை அறுவடைக் காலத்தில் மட்டும் வரும். பெரியம்மா அதை அடுப்படிக்குள் விடமாட்டார் என்பதால் மருந்து மோட்டார் ரூமில் தயாராகும்.

இந்தப் பழக்கம் என் ஆராய்ச்சிக்கு வேட்டு வைக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. எலி பிடிக்கும் குடும்பம் ஒன்றிடம், ஒவ்வொரு வளையிலிருந்தும் எலி வேண்டும், ஆராய்ச்சிக்கு என்று சொன்னேன். அந்தக் குழுவை நடத்தும் பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று தலையாட்டினார். அவர் புன்னகை கொஞ்சம் அதிகமாகப் புரிந்துகொண்டவர் புன்னகை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் மத்தியானம் ஒரு தூக்குப்போசியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். திறந்தேன். உள்ளே எலிகள். வாலை அறுத்து, பல்லை உடைத்து, சோளத்தட்டு நெருப்பில் மயிரைப் பொசுக்கி, கழுவித் துடைத்து, மஞ்சள் தடவி, வரிசையாக.

"ஆராய்ச்சிக்குத்தானுங்களே," என்றார் அந்த அம்மாள். "நீங்க கூச்சப்பட வேண்டாமுங்க. நம்ம பண்ணையத்துக்காரர் ஊட்டுப் புள்ளைங்கறதால மஞ்சளும் தடவியே கொண்டாந்துட்டோம்."

என் ஆராய்ச்சி அவருக்கு மூட்டுவலியின் புதிய பெயர். அவ்வளவுதான். எலியை இனம் பிரிக்க நாங்கள் பார்ப்பது எதை? வால் உடம்பைவிட நீளமா குட்டையா, வாலில் மயிர்க் குஞ்சம் உண்டா, மயிர் சொரசொரப்பா மிருதுவா, முன்பல் என்ன நிறம். அவர் சுத்தம் என்று நினைத்து அப்புறப்படுத்தியதெல்லாம் என் பாடப்புத்தகம். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அவர் மஞ்சள் போதவில்லையோ என்பது போல என்னைப் பார்த்தார். திரும்பத் திரும்ப விளக்கினேன். அடுத்த தடவை மஞ்சள் தடவாமல் கொண்டுவந்தார். அதற்கடுத்த தடவை, என் நச்சரிப்பு தாங்காமல், வால்களையும் தனியாக ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். எந்த வால் எந்த எலிக்கு என்று மட்டும் கேட்கக்கூடாது.

என் ஆய்வு வழிகாட்டிக்குப் போனில் சொன்னேன். அவர் நெடுநேரம் சிரித்தார். பிறகு, வாலும் மயிரும் போனால் போகட்டும், உள்ளே தசை இருக்கிறதே, மரபணுவை எடு என்றார். அப்படித்தான் நான் கண்ணால் எலி பார்ப்பதை விட்டுவிட்டு மரபணுவால் பார்க்க ஆரம்பித்தேன். பொசுங்கிய எலிகளின் தொடையிலிருந்து ஒரு துணுக்கு, ஒரு குப்பி, கெடாமலிருக்கச் சாராயம். வாங்கிய எலியெல்லாம் அப்படிப் போனதைப் பார்த்து அந்த அம்மாளுக்குத்தான் மனசு ஆறவில்லை.

முடிவுகள் வந்தபோது பெரியப்பாவின் இன வகைப்பாடு பாதிக்கு மேல் கவிழ்ந்தது. கறுப்பும் செவப்பும் ஒரே இனம். மண்ணுக்கும் வயதுக்கும் தகுந்தாற்போல நிறம் மாறியிருக்கிறதே தவிர, வரப்பைத் தாண்டிப் போய்ச் சந்தோஷமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கின்றன. அதே சமயம் எல்லோரும் வரப்பெலி என்று ஒரே பெயர் சொல்லிப் பிடித்துத் தந்தவற்றில் சில வரப்பெலியே இல்லை. மிருதுவான மயிருள்ள புல்லெலிகள். மயிர் பொசுங்கியதால் ஒன்றுபோல இருந்திருக்கின்றன. வரப்பெலிக்கு நெருங்கிய சொந்தம் பெருச்சாளி. வீட்டெலியும் தூரமில்லை. புல்லெலி வேறு கிளை.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது முகம் சுருங்கியது. கறுப்பும் செவப்பும் ஒன்று என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. ஆனால் வெள்ளெலி விஷயத்துக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெள்ளெலி இந்த எலிகளோடு சேராது, பாலைவனத்து மணல் எலிகளின் கிளையைச் சேர்ந்தது. அடுப்படிச் சுண்டெலிக்கும் கோடவுன் பெருச்சாளிக்கும் இருக்கும் நெருக்கம்கூட வெள்ளெலிக்கும் வரப்பெலிக்கும் கிடையாது. கொறிக்கும் பிராணி என்பதோடு சரி. நான் சொல்லி முடிக்கவில்லை, அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"நா அன்னைக்கே சொன்னனா இல்லியா? அது எலியே இல்லைன்னு!"

அன்றிலிருந்து அவர் மரபணுவுக்குப் பக்தராகிவிட்டார். டீக்கடையில் சொன்னார். கோயிலில் சொன்னார். ஆத்தூரிலிருந்து கிழங்கு லோடு எடுக்க வந்த லாரிக்காரரை நிறுத்தி வைத்துச் சொன்னார். என் தம்பி மகள் கண்டுபிடித்திருக்கிறாள், மரபணுவே சொல்லிவிட்டது என்பார். பெரியம்மாவிடமும் சொல்லிப் பார்த்தார். மரபணு வந்து சமைத்துப் போடட்டும் என்று பெரியம்மா பதில் சொல்லிவிட்டதால் மோட்டார் ரூம் மட்டும் தொடர்ந்தது. ஆனால் மூட்டுவலி நின்றுவிட்டது. அறிவியலால் குணமான நோய்களில் அதுவும் ஒன்று.

இந்தச் சமயத்தில்தான் நாமக்கல்லில் ஒரு கோழித் தீவன ஆலையிலிருந்து கல்லூரிக்குப் போன் வந்தது. கோடவுன் தரைக்கு அடியில் பெருச்சாளிகள் குடைந்து மக்காச்சோள மூட்டைகள் சரிகின்றன, யாராவது பார்க்க முடியுமா என்று. கோடவுன் பொறுப்பாளர் என் வயதுக்காரர். நான் போவதற்கு முன்பே கூண்டு வைத்துப் பிடித்துவைத்திருந்தார். உயிரோடு. வாலோடு, பல்லோடு, மயிரோடு. ஒவ்வொரு கூண்டிலும் எந்த மூலையில், எந்த வளைக்குப் பக்கத்தில் பிடித்தது என்று சீட்டு ஒட்டியிருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தீவனத் தூசி என்று சமாளித்தேன்.

"இன்னும் ஏதாச்சும் அளக்கோணும்னா சொல்லுங்க, அளந்து வெக்கறேன்," என்றார். மற்ற பெண்களுக்குப் பூவும் செல்போனும் வாங்கிக் கொடுத்த ஆண்கள் கிடைத்திருக்கலாம். எனக்கு முழு வாலோடு பெருச்சாளி கொடுத்தவர் கிடைத்தார். மனசு அங்கேயே போய்விட்டது, இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆலைக்கு நான் போன தடவைகளைப் பார்த்தால் தமிழ்நாட்டுப் பெருச்சாளிகள் மொத்தமும் அங்கேதான் குடியிருந்தன என்று யாராயிருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

நாங்கள் இருவரும் படித்தவர்கள். ஆகவே ஒருவரை ஒருவர் கூட்டம் எது என்று கேட்டுக்கொள்ளவில்லை. கேட்காமலிருந்ததைப் பெருமையாகவும் நினைத்துக்கொண்டோம். வீட்டில் சொன்ன அன்று என் அம்மா கேட்டார். அவர் வீட்டில் அவருடைய அப்பா கேட்டார். சாயங்காலம் போனில் இரண்டு பேரும் பெயரை ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரே கூட்டம். அவர்கள் பரமத்தி பக்கம் குடியேறியவர்கள், வேறு ஊர்க் கோயிலில் கும்பிடுகிறவர்கள். ஆனால் அதே சாமி, அதே பெயர்.

பெரியப்பா கண்ணை மூடக்கூட இல்லை. "அவன் உனக்கு அண்ணன் முறை சாமி," என்றார், சின்ன வயதில் என்னைக் கொஞ்சிக் கூப்பிட்ட அதே 'சாமி'யோடு. முடிந்தது. அப்பா குடையை விரித்துவிட்டார். அம்மா அழுதார். அடுத்த வாரமே அத்தை மகனின் ஜாதகம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அத்தை மகன் நல்லவர்தான், திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். சின்ன வயதில் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர். அவருக்கும் எனக்கும் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு ஒன்றாக இருக்கும், பிறக்கும் பிள்ளைகளை யோசியுங்கள் என்று கத்தினேன். அது மாமன் மச்சான் ரத்தம், ஒன்றும் செய்யாது என்றார்கள். ரத்தத்துக்கே முறை தெரியும் என்ற நம்பிக்கை!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் கட்சி மாறிய புதுப் பக்தர் அல்லவா, மரபணுவை வைத்தே மடக்கலாம் என்று திட்டம். நம்முடைய பெருச்சாளிக்குத் தெலுங்கில் பந்திகொக்கு என்று பெயர், வெள்ளைக்காரன் வாயில் விழுந்து அது பேண்டிகூட் ஆகிவிட்டது என்றேன். அதே பெயரை ஆஸ்திரேலியாவில் வயிற்றில் பையோடு குட்டி வளர்க்கும் ஒரு பிராணிக்கும் வைத்துவிட்டார்கள். இரண்டுக்கும் ஒரு பெயர். சொந்தமோ கிட்டத்தட்ட நமக்கும் கங்காருவுக்கும் உள்ள சொந்தம். பெயர் ஒன்றாக இருந்தால் உறவாகிவிடுமா?

"அது வெள்ளைக்காரன் வெச்ச பேரு," என்றார் பெரியப்பா. "இது சாமி வெச்ச பேரு."

எழுந்து வந்துவிடலாம் என்று பார்த்தேன். அப்போது அவரே, உன் மரபணுவுக்கு மனுசனைப் பார்க்கத் தெரியாதா என்று கேட்டார். தெரியும் என்றேன். கூட்டம் அப்பா வழியில்தானே வருகிறது, அதேபோல அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற ஒரு பகுதி ஆணின் மரபணுவில் உண்டு, ஒரே ஆணின் வாரிசுகள் என்றால் அது எத்தனை தலைமுறை ஆனாலும் ஏறத்தாழ அப்படியே இருக்கும் என்று விளக்கினேன். பெரியப்பாவுக்கு முகம் மலர்ந்தது. அவர் பார்த்தது என் கல்யாணத்தை இல்லை. குலதெய்வத்தின் காலத்திலிருந்து அறுபடாமல் தன் வரைக்கும் வந்து சேரும் ஒரு கயிற்றைப் பார்த்தார். அதை ஒரு மெஷின் ஊரறியச் சொல்லப்போவதைப் பார்த்தார்.

"பாத்தர்றது. ஒண்ணுன்னு வந்தா நீ அத்தை மவனைக் கட்டிக்கோணும். வேறன்னு வந்தா நானே முன்ன நின்னு இந்தக் கல்யாணத்த நடத்தறேன்."

சாமி படத்துக்கு முன்னால் நின்று சொன்னார். நானும் சரி என்றேன். ஒன்று என்று வந்துவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. மனிதர் மாதிரியை எங்கள் எலி ஆய்வுக்கூடத்தில் பார்க்க முடியாது. பெரியப்பாவின் கன்னத்து உட்புறத்தில் ஒரு பஞ்சுக்குச்சி, கோடவுன்காரர் கன்னத்தில் ஒரு பஞ்சுக்குச்சி, இரண்டையும் வெளியூரில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். பெரியப்பா வாயைத் திறந்து காட்டும்போது கோயில் தீர்த்தம் வாங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார்.

முடிவு வந்தது. வேறு வேறு. கொஞ்சநஞ்சம் வேறில்லை. கூட்டங்கள் உண்டான காலத்துக்கும் வெகு முன்பே பிரிந்த இரண்டு அப்பா வழிகள். கோடவுன்காரருக்குப் போன் செய்து சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பைத்தியம் மாதிரி சிரித்தோம். அந்தச் சந்தோஷத்தோடு அப்படியே பெரியப்பாவின் வயலுக்கு ஓடினேன். அவர் மடை மாற்றிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

அவர் நான் நினைத்ததைவிட நல்ல மாணவர். ஒரே நொடியில் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"அப்ப ரெண்டுல ஒண்ணு நம்ம கூட்டமில்லை. எது சாமி?"

அசல் போலி என்றெல்லாம் அதில் வராது, வேறு என்று மட்டும்தான் வரும் என்றேன். எப்போதாவது ஒரு குடும்பம் தத்து எடுத்திருக்கலாம், வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன் பெண் வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டிருக்கலாம், பஞ்சத்தில் பிழைக்க வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம், இதில் அவமானம் எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மடையில் தண்ணீர் பாட்டுக்கு வேறு பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் மண்வெட்டியை எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கல்யாணத்தைப் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். என்ன ஒரு புத்திசாலி நான்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா வீட்டு வாசலில் பந்தல் நிழலில் எல்லோரும் கூடினார்கள். பங்காளிகள், என் அப்பா அம்மா, அந்தப் பக்கம் கோடவுன்காரரும் அவருடைய அப்பாவும். காபி வந்தது. பெரியப்பா தொண்டையைச் செருமினார். யார் முகத்தையும் பார்க்காமல், "மெசினு சொல்லிருச்சுங்க. ஒரே ரத்தந்தான்," என்றார்.

எதிரே, முடிவு தெரிந்த கோடவுன்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பங்காளிகள் அப்படிச் சொல்லுங்க என்று தலையாட்டினார்கள். அத்தை மகனின் ஜாதகத்தைப் பற்றி யாரோ பேச்சை எடுத்தார்கள். நான் எழுந்தேன்.

"பொய்யுங்க. வேற வேறன்னுதான் வந்துச்சு. பெரியப்பாகிட்டச் சொல்லிட்டேனுங்க."

பெரியப்பா மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அவர் தலை குனிந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதுவரை காபியை ஆற்றிக்கொண்டிருந்த கோடவுன்காரரின் அப்பா, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அப்படியென்றால் நாங்கள் யார் என்று மெதுவாகக் கேட்டார். அவ்வளவுதான், என் கல்யாணம் அந்த இடத்திலேயே எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது. யார் அசல் கூட்டம், யார் நடுவில் ஒட்டிக்கொண்டது என்பதே பேச்சு. எங்கள் பங்காளிகளில் பாதிப் பேர், தர்மகர்த்தா குடும்பமே சந்தேகம் என்றால் இத்தனை வருஷம் பரிவட்டம் கட்டியது யாருக்கு என்று கேட்டார்கள். மீதிப் பேர், பரமத்திக்காரர்கள்தான் வந்தேறிகள் என்றார்கள். ஒருவர் எல்லோருக்கும் பஞ்சுக்குச்சி வைக்க வேண்டும் என்றார். மற்றவர்கள் உடனே வாயை மூடிக்கொண்டார்கள். கன்னம் இறுகியது தெரிந்தது.

அந்த வருஷத் திருவிழாவில் பரிவட்டத்தை யாருக்கும் கட்டவில்லை. சாமியின் சூலத்துக்குக் கட்டினார்கள். சூலத்துக்கு அப்பா வழி கிடையாது என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. எங்கள் கல்யாணத்துக்கும் தடை விலகிவிட்டது, அறிவியலால் அல்ல, வீம்பால். நாங்கள் அசல், அவர்கள் வேறு, ஆகவே பெண் கொடுக்கலாம் என்று எங்கள் வீட்டில் முடிவு. நாங்கள் அசல், அவர்கள் வேறு, ஆகவே பெண் எடுக்கலாம் என்று அவர்கள் வீட்டில் முடிவு. சம்பந்திகள் இருவரும் ஒருவரை ஒருவர் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டு தாம்பூலம் மாற்றினார்கள். மரபணு ஆராய்ச்சியில் இவ்வளவு ஒருமனதான முடிவை நான் கண்டதில்லை.

பெரியப்பா மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. தர்மகர்த்தா பொறுப்பை விட்டுவிட்டார். சாவியைக் கோயில் உண்டியல்மேல் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். முறை கேட்டு யார் வந்தாலும் எனக்குத் தெரியாது என்று திருப்பி அனுப்பினாராம். அவர் ஊரறியப் பொய் சொன்ன கோபம் எனக்கு ஆறவில்லை. நானும் போகவில்லை. முன்னால் நின்று நடத்துகிறேன் என்றவர் என்ன செய்கிறார் பார்ப்போம் என்று வீராப்பாக இருந்தேன்.

நாமக்கல்லில் மண்டபம். தாலி கட்டும்போது மேடையில் பெரியப்பா இல்லை. அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தாலி ஏறி, மொய் எழுதி, எல்லோரும் பந்திக்குப் போன பிறகுதான் கவனித்தேன். கடைசி வரிசையில் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. யாரும் அவரைச் சுற்றி இல்லை. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அவரைச் சுற்றி ஆள் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. கோபமாவது ஒன்றாவது, கால் தானாக அவரிடம் போனது. குனிந்து காலைத் தொட்டேன். அவர் என் தலையில் கை வைக்கவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணு கேக்கோணும் சாமி. மெசினெல்லாம் வேண்டாம், நீயே சொல்லு. நா உனக்குப் பெரியப்பன்தானே?"

அவரும் என் அப்பாவும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், அந்தச் சோதனைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வகுப்பில் என்றால் இதைக் கேட்ட பிள்ளைக்குக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருப்பேன். சுற்றுப்பட்டில் யார் யாருக்கு என்ன முறை என்று ஆயுளெல்லாம் சொல்லிவந்த மனிதர், பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க பெரியப்பா," என்றேன்.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.